சோலார், வீடு, கார், கிரிட்: மின்சாரம் யாருக்கு முதலில் போகிறது?

கூரையில் பேனல், சுவரில் இன்வெர்ட்டர், வாசலில் மின்சாரக் கார். மூன்றும் வந்துவிட்டால் கூடவே ஒரு கேள்வியும் வந்துவிடும்: வெயிலில் கிடைக்கிற கரண்டை வீட்டுக்கு இவ்வளவு, காருக்கு இவ்வளவு, மிச்சம் கிரிட்டுக்கு (மின் நிறுவனத்தின் பொது மின்வலைக்கு) என்று இன்வெர்ட்டர் எப்படிப் பிரிக்கிறது?

பேட்டரி இல்லாத சாதாரண சோலார் இன்வெர்ட்டர் எதையும் பிரிப்பதில்லை. பேனலில் இருந்து அந்த நொடியில் எடுக்க முடிந்ததை எல்லாம் எடுக்கிறது, கிரிட்டின் வோல்டேஜ் அலையோடு ஒத்துப்போகும் ஏசி மின்சாரமாக மாற்றுகிறது, வீட்டு வயரிங்கில் தள்ளுகிறது. அதோடு அதன் வேலை முடிந்தது. வீட்டில் ஓடிக்கொண்டிருக்கும் சாமான்கள் தங்களுக்கு வேண்டியதை இழுத்துக்கொள்ளும். போதவில்லை என்றால் குறைவது கிரிட்டில் இருந்து தானாக வரும், மிஞ்சினால் தானாக வெளியே போகும். இதற்கு யாரும் உத்தரவு போடுவதில்லை, செட்டிங்கும் கிடையாது.

நம் கைக்கு எட்டுவது மூன்றே விஷயங்கள்தான். கார் எத்தனை ஆம்ப் இழுக்கலாம் என்பது, பேட்டரி இருந்தால் அது ஏறுகிறதா இறங்குகிறதா என்பது, கிரிட்டுக்குப் போவதற்கு வரம்பு வைத்து இன்வெர்ட்டரை அடக்குவது. சிலர் வாட்டர் ஹீட்டரையும் இப்படிக் கட்டுப்படுத்துகிறார்கள். இவை எல்லாமே ஒரே ஒரு எண்ணைப் பார்த்துத்தான் நடக்கின்றன: வீட்டு மெயின் கம்பியில் இந்த நிமிடம் கரண்ட் உள்ளே வருகிறதா, வெளியே போகிறதா, எவ்வளவு? இந்த எண் சரியாக இருந்தால் மற்றதெல்லாம் செட்டிங் வேலை. இது தப்பாக இருந்தால் எவ்வளவு உயர்ந்த சாமான் வாங்கி மாட்டியும் புண்ணியம் இல்லை.

முதலில் மீட்டர் கணக்கைப் பாருங்கள்

சார்ஜர் வாங்குவதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள். நீங்கள் கிரிட்டுக்குக் கொடுக்கும் ஒரு யூனிட்டுக்கு என்ன கிடைக்கிறது, வாங்கும் ஒரு யூனிட்டுக்கு என்ன கொடுக்கிறீர்கள் என்று பில்லில் பாருங்கள். கொடுத்ததையும் எடுத்ததையும் சரிக்குச் சரியாகக் கழிக்கும் நெட் மீட்டர் முறை என்றால், காரைச் சோலாரைத் துரத்தித் துரத்திச் சார்ஜ் செய்வதில் பண லாபம் பெரிதாக இல்லை. கிரிட்டே உங்கள் பேட்டரி போலத்தான். இரவில் நிம்மதியாகப் போட்டுவிட்டுத் தூங்கலாம்.

கொடுப்பதற்குக் கிடைப்பது குறைவு, வாங்குவதற்குக் கொடுப்பது அதிகம் என்றால் கதை வேறு. அப்போது வெளியே போகும் ஒவ்வொரு யூனிட்டையும் காருக்குள் திருப்புவது லாபம். நேரத்துக்கு நேரம் விலை மாறும் திட்டமாக இருந்தால், மலிவான இரவு நேரம் சோலாரோடு போட்டிக்கு வரும். இந்தக் கணக்கைப் பார்க்காமல் ‘சோலாரில் மட்டும்’ என்ற முறையைப் போட்டுவிட்டு, வண்டி பாதிதான் ஏறியிருக்கிறது என்று புலம்புகிறவர்கள் நிறைய.

கூடவே கிலோவாட்டையும் யூனிட்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். கிலோவாட் என்பது இந்த நொடியின் வேகம். யூனிட் என்பது அந்த வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடினால் சேரும் அளவு. ஆப்பில் ‘இன்று உற்பத்தி 20 யூனிட், வெளியே போனது 11, உள்ளே வந்தது 7’ என்று இருந்தால் பலர் மீட்டர் தப்பு என்கிறார்கள். தப்பில்லை. 20 உற்பத்தியில் 11 வெளியே போக, வீடு நேராகப் பயன்படுத்தியது 9. அது போதாத நேரங்களில், அதாவது காலையிலும் இரவிலும், 7 யூனிட் வாங்கியிருக்கிறீர்கள். மொத்தக் கணக்கில் இந்த நேர வித்தியாசம் மறைந்துவிடும். கார் சார்ஜிங்கை வெயில் நேரத்துக்கு நகர்த்துவது இந்த 11-ஐயும் 7-ஐயும் ஒருசேரக் குறைக்கத்தான்.

போர்டின் படம் வரைந்துகொள்ளுங்கள்

ஒரு தாளில் மெயின் மீட்டரில் தொடங்கி, மெயின் பிரேக்கர், இன்வெர்ட்டர் சேரும் இடம், வீட்டு சர்க்யூட்கள், கார் சர்க்யூட் எல்லாவற்றையும் கோடு போட்டு வரையுங்கள். அழகாக இருக்கவேண்டாம், வரிசை சரியாக இருந்தால் போதும். பின்னால் சிடி (மெயின் கம்பியின் கரண்டை அளக்கும் கிளாம்ப்) எங்கே மாட்டுவது என்ற கேள்வி வரும்போது இந்தத் தாள்தான் கை கொடுக்கும்.

படத்தில் மூன்று எண்களைக் குறியுங்கள். இன்வெர்ட்டரின் ஏசி அளவு (அதிகபட்சம் எத்தனை கிலோவாட் வெளியே தரும்), மெயின் பிரேக்கரின் ஆம்ப், காரின் உள்ளே இருக்கும் சார்ஜரின் அளவு. கடைசியாகச் சொன்னதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். சுவரில் மாட்டும் பெட்டியை நாம் சார்ஜர் என்கிறோமே தவிர, ஏசியை டிசியாக மாற்றிப் பேட்டரியில் ஏற்றும் உண்மையான சார்ஜர் வண்டிக்குள் இருக்கிறது. சுவர்ப் பெட்டி ‘இத்தனை ஆம்ப் வரை இழுக்கலாம்’ என்று அனுமதி மட்டும் கொடுக்கிறது. வண்டிக்குள் 3.7 கிலோவாட் சார்ஜர்தான் என்றால், சுவரில் 22 கிலோவாட் பெட்டி மாட்டினாலும் 3.7-க்கு மேல் போகாது.

மெயின் பிரேக்கர் 40 ஆம்ப் என்று வைத்துக்கொள்வோம். கார் 32 ஆம்ப் இழுத்தால் வீட்டுக்கு மிஞ்சுவது 8 ஆம்ப், 230 வோல்ட்டில் 1,840 வாட். ஒரு வாட்டர் ஹீட்டரைப் போட்டாலே தாண்டிவிடும். பகலில் சோலார் உள்ளே இருந்து கொடுப்பதால் மெயினில் சுமை தெரியாது. மேகம் வந்ததும்தான் தெரியும். அதனால் சார்ஜரில் ‘லோடு பேலன்சிங்’ என்று, மெயின் தாண்டாதபடி காரின் ஆம்பைக் குறைக்கும் வசதியில் மெயின் பிரேக்கரின் அளவைக் கட்டாயம் பதிவு செய்யுங்கள். சோலாருக்காகப் பார்க்கும் அதே மெயின் கம்பி எண்ணைத்தான் இதுவும் பார்க்கும். அந்த எண் வருவது நின்றுபோனால் சார்ஜர் என்ன செய்யும் என்றும் கேட்டு வையுங்கள். குறைந்த ஆம்புக்கு இறங்குவதோ நின்றுவிடுவதோதான் சரி.

கார் சர்க்யூட்டுக்குத் தனி பிரேக்கர், தனிக் கம்பி, சரியான எர்த், கசிவுப் பாதுகாப்பு எல்லாம் வேண்டும். கார் சார்ஜரில் இருந்து டிசி கசிவு வரக்கூடும் என்பதால், 6 மில்லி ஆம்ப் டிசி கசிவைக் கண்டுபிடிக்கும் ஏற்பாடு பெட்டிக்குள் இருக்கவேண்டும், இல்லையென்றால் ‘டைப் பி’ வகைக் கசிவு பிரேக்கர் போடவேண்டும். இதெல்லாம் லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் வேலை. தாள் வரைவதோடு உங்கள் கையை நிறுத்திக்கொள்ளுங்கள்.

சிடி: எல்லாவற்றுக்கும் கண் இதுதான்

மெயின் ஃபேஸ் கம்பியைச் சுற்றி ஒரு சின்னக் கிளாம்ப் மாட்டுவார்கள். அதுதான் கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர், சுருக்கமாக சிடி. சிலர் அதற்குப் பதில் போர்டில் சின்ன டிஜிட்டல் மீட்டர் ஒன்றை வைப்பார்கள். எதுவானாலும் வேலை ஒன்றுதான்: கரண்ட் எவ்வளவு, எந்தப் பக்கம் என்று சொல்வது. கிளாம்பின் மேல் ஒரு அம்புக்குறி இருக்கும். அது கிரிட்டைப் பார்த்திருக்கவேண்டுமா வீட்டைப் பார்த்திருக்கவேண்டுமா என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். உள்ளே வருவதைச் சிலர் பிளஸ் என்பார்கள், சிலர் மைனஸ் என்பார்கள். மேனுவலைப் பார்த்து எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

மாட்டியவர் சரியாகத்தான் மாட்டியிருப்பார் என்று விட்டுவிடாதீர்கள். இருட்டியபிறகு ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். பேனலில் உற்பத்தி பூஜ்யம். பேட்டரி இருந்தால் அதைத் தற்காலிகமாக நிறுத்திவையுங்கள், காரையும் கழற்றிவிடுங்கள். ஆப்பில் கிரிட் எண்ணைப் பாருங்கள். ஃபிரிட்ஜ், விளக்குகள் என்று 300 வாட் இம்போர்ட் (உள்ளே வருவது) காட்டலாம். இப்போது 2,000 வாட் வாட்டர் ஹீட்டரைப் போடுங்கள். சில நொடிகளில் எண் 2,300 பக்கம் ஏறவேண்டும், இம்போர்ட்டாகவே. ஹீட்டரை அணைத்ததும் பழைய இடத்துக்கு வரவேண்டும். எண் அசையவே இல்லை என்றால் கிளாம்ப் தப்பான கம்பியில் இருக்கிறது, இல்லையென்றால் தப்பான ஃபேஸில் இருக்கிறது. எக்ஸ்போர்ட் (வெளியே போவது) என்று காட்டினால் அம்பு தலைகீழ்.

தலைகீழ் அம்பு சாதாரணத் தப்பு இல்லை. இரவில் வீடு இழுக்கும் 2,300 வாட்டும் ‘வெளியே போகிறது’ என்று தெரியும். கார் சார்ஜர் அதை மிச்சமான சோலார் என்று நினைத்து வண்டியைத் தொடங்கும். வண்டி இழுக்க இழுக்க ‘மிச்சம்’ இன்னும் கூடுவதாகத் தெரியும், சார்ஜர் இன்னும் ஆம்பைக் கூட்டும், கடைசியில் உச்சத்தில் போய் நிற்கும். பேட்டரியும் இதே மாதிரிதான். நள்ளிரவில் கிரிட்டில் இருந்து முழு வேகத்தில் ஏறிக்கொண்டிருக்கும் பேட்டரியைப் பார்த்தால் முதலில் சந்தேகப்படவேண்டியது இந்த அம்பைத்தான்.

இன்னொன்று: சிடி இருக்கும் இடம் எல்லா லோடுக்கும் முன்னால், மீட்டரை ஒட்டி இருக்கவேண்டும். மீட்டருக்கும் சிடிக்கும் நடுவே பிரியும் எந்த சர்க்யூட்டும் அதன் கண்ணில் படாது. (இதையே ஒரு தந்திரமாகப் பயன்படுத்துவது பின்னால் வருகிறது.)

இன்வெர்ட்டரும் கார் சார்ஜரும் ஒரே மீட்டரில் இருந்து எண்ணைப் படிக்கட்டும் என்று இரண்டையும் ஆர்எஸ்485 என்ற ஒரே தகவல் ஒயரில் இணைக்கிறவர்கள் உண்டு. அந்த ஒயரில் மாட்பஸ் என்ற கேள்வி-பதில் முறைப்படி கேள்வி கேட்பது ஒருவராகத்தான் இருக்கமுடியும். இரண்டு பேர் கேட்டால் பதில்கள் மோதி, எண் விட்டு விட்டு வரும். தனித்தனியாக இரண்டு சிடி மாட்டுவது செலவு போலத் தெரிந்தாலும் தலைவலி குறைவு.

கார் சார்ஜர் எப்படிக் கணக்குப் போடுகிறது

இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம், ஏனென்றால் புதியவர்களின் ஏமாற்றம் பாதிக்கு மேல் இங்கேதான்.

சுவர்ப் பெட்டிக்கும் காருக்கும் நடுவே கேபிளில் ஒரு மெல்லிய சிக்னல் கம்பி ஓடுகிறது. அதில் நொடிக்கு 1,000 முறை மாறும் ஒரு சதுர அலை. அலை எவ்வளவு நேரம் மேலே நிற்கிறது என்பதை வைத்து, எத்தனை ஆம்ப் இழுக்கலாம் என்று கார் தெரிந்துகொள்ளும். 10 சதவீதம் என்றால் 6 ஆம்ப். சுமார் 53 சதவீதம் என்றால் 32 ஆம்ப். ஐஇசி 61851 என்ற தரநிலை சொல்லும் முறை இது. இதில் 6 ஆம்புக்குக் கீழே சொல்ல வழியே கிடையாது. ஒன்று 6, இல்லையென்றால் நிறுத்தம்.

230 வோல்ட் சிங்கிள் ஃபேஸில் 6 ஆம்ப் என்பது 1,380 வாட். ஆகவே மிச்சம் 1,000 வாட் இருக்கும்போது, ‘அந்த ஆயிரத்தை மட்டும் காருக்குக் கொடு’ என்று இந்த முறையில் ஓடும் எந்தச் சார்ஜராலும் செய்யமுடியாது. த்ரீ ஃபேஸில் சார்ஜ் ஆகும் வண்டி என்றால் இந்தக் குறைந்தபட்சம் மூன்று மடங்கு, 4,140 வாட். 5 கிலோவாட் பேனல் வைத்திருப்பவருக்கு உச்சி வெயிலில் மட்டும் எட்டும் அளவு அது. அதனால்தான் சில சார்ஜர்களில் மிச்சம் குறைவாக இருக்கும்போது ஒரு ஃபேஸுக்கு மாறும் வசதி வைக்கிறார்கள். த்ரீ ஃபேஸ் இணைப்பும் சின்னக் கூரையும் உள்ளவர்கள் இந்த வசதி இல்லாத சார்ஜரை வாங்கவேண்டாம் என்பேன்.

ஒரு நண்பகலை எண்களோடு பார்ப்போம். பேனல் 2,500 வாட் தருகிறது, வீடு 700 இழுக்கிறது, 1,800 வெளியே போகிறது. சார்ஜர் 1,800-ஐ 230-ஆல் வகுக்கிறது, 7.8 வருகிறது. முழு எண்ணுக்குக் கீழே இறக்கி 7 ஆம்ப் என்று காருக்குச் சொல்கிறது. கார் 1,610 வாட் இழுக்கத் தொடங்குகிறது, வெளியே போவது 190 ஆகக் குறைகிறது. இப்போது மேகம். பேனல் 1,500-க்கு இறங்குகிறது. வீட்டுக்கு 700, காருக்கு 1,610. மெயினில் 810 வாட் உள்ளே வருகிறது. சார்ஜர் 6 ஆம்புக்கு இறக்குகிறது. அப்போதும் 580 வாட் கிரிட்டில் இருந்துதான். மேகம் சில நிமிடங்களில் போய்விடும் என்று சார்ஜர் காத்திருக்கும், போகவில்லை என்றால் நிறுத்தும். நிறுத்தியதும் 800 வாட் மறுபடி வெளியே போகத் தொடங்கும்.

இந்தக் காத்திருப்பு நேரத்தைச் செட்டிங்கில் மாற்றலாம். ‘கிரிட்டில் இருந்து ஒரு வாட்கூட வரக்கூடாது’ என்று அதைச் சுருக்கிவிடுகிறவர்கள் உண்டு. வேண்டாம். மேகமான நாளில் சார்ஜருக்குள் இருக்கும் கான்டாக்டர் (கரண்டைச் சேர்த்துத் துண்டிக்கும் சுவிட்ச்) அரை மணிக்குப் பத்து முறை ‘டக் டக்’ என்று அடித்துக்கொண்டிருக்கும். தேய்மானம் ஒரு பக்கம். சில வண்டிகள் அடிக்கடி நிறுத்தித் தொடங்கினால் சலித்துப்போய், பிழை காட்டிவிட்டுச் சார்ஜே ஏறாமல் நின்றுவிடும். தொடங்குவதற்குச் சில நிமிடம், நிறுத்துவதற்கு அதைவிடக் கொஞ்சம் அதிகம் என்று தாராளமாக வையுங்கள்.

மேகம் வந்த அந்த நொடியே காரும் குறைந்துவிடும் என்று எதிர்பார்க்கவும் கூடாது. மீட்டர் எண் வர ஒன்றிரண்டு நொடி, சார்ஜர் முடிவெடுக்கக் கொஞ்சம், சிக்னல் மாறியபிறகு கார் இறங்க தரநிலைப்படி 5 நொடி வரை ஆகலாம். அந்த இடைவெளியில் வரும் சிறு இம்போர்ட் பில்லில் பெரிதாகத் தெரியாது.

சார்ஜரில் பொதுவாக மூன்று முறைகள் இருக்கும். பெயர்கள் மாறும், சாரம் ஒன்றுதான். வேகமாக: சோலாரைப் பார்க்காது. கலப்பு: குறைந்தது 6 ஆம்ப் எப்போதும் ஓடும், மிச்சம் கூடினால் அதுவும் கூடும். சோலார் மட்டும்: மிச்சம் போதுமானால்தான் ஓடும். புதியவர்களுக்கு நான் சொல்வது கலப்பு முறை, அதுவும் காலை பத்து மணிக்குமேல் தொடங்கும்படி நேரம் வைத்து. வண்டி தயாராக இருக்கும் என்ற நிம்மதியும் இருக்கும், பெரும்பகுதி வெயிலும் உள்ளே போகும்.

6 ஆம்பில் மணிக்கணக்காக ஓட்டுவதில் எனக்கு அவ்வளவு பிரியம் இல்லை. சார்ஜ் ஏறும்போது வண்டியின் கம்ப்யூட்டர், பம்ப் எல்லாம் விழித்திருக்கும். அதற்கே சில நூறு வாட் வரை போகலாம், வண்டிக்கு வண்டி மாறும். 7,000 வாட்டில் ஏற்றும்போது அது கண்ணுக்குத் தெரியாது. 1,380-இல் ஏற்றும்போது நன்றாகவே தெரியும். காலையில் 6 ஆம்பில் தவழவிடுவதைவிட, பதினோரு மணிக்குத் தொடங்கி 12, 14 ஆம்பில் ஓட்டினால் அதே வெயிலில் அதிக கிலோமீட்டர் கிடைக்கும். 100 கிலோமீட்டருக்கு 15 யூனிட் குடிக்கும் வண்டி தினமும் 40 கிலோமீட்டர் போனால் தேவை 6 யூனிட்தான். சுமார் 3 கிலோவாட் மிச்சத்தில் இரண்டேகால் மணி நேரம் போதும்.

வீட்டில் பேட்டரியும் இருந்தால்

இங்கேதான் சண்டை ஆரம்பிக்கும்.

வீட்டுப் பேட்டரியின் லட்சியம், மெயின் கம்பியில் எண்ணைப் பூஜ்யமாக வைப்பது. கார் சார்ஜரின் லட்சியமும் அதே. ஒரு ஸ்டியரிங்கை இரண்டு பேர் பிடித்த மாதிரி. மிச்சம் 1,800 வாட் இருக்கும்போது பேட்டரி அதை முழுக்க விழுங்கிவிடும், மெயினில் பூஜ்யம் தெரியும், கார் சார்ஜர் ‘மிச்சமே இல்லையே’ என்று சும்மா இருக்கும். பேட்டரி நிறைந்தபிறகுதான் காருக்கு வாய்ப்பு. குளிர்காலத்திலோ மழை நாளிலோ அந்த வாய்ப்பு வராமலே போகலாம்.

அதைவிட மோசம் மறுபக்கம். கார் ஏறிக்கொண்டிருக்கிறது, மேகம் வருகிறது. 810 வாட் கிரிட்டில் இருந்து வரவேண்டிய இடத்தில் பேட்டரி தானே இறங்கிக் கொடுத்துவிடும். மெயினில் பூஜ்யம். எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சார்ஜர் நினைக்கும். இரவு மலிவு நேரத்தில் 7 கிலோவாட்டில் காரைப் போட்டாலும் இதே கதை: முதலில் வீட்டுப் பேட்டரி காலியாகிவிட்டு, அப்புறம்தான் கிரிட் வரும். பேட்டரியில் ஏற்றி இறக்குவதில் பத்தில் ஒரு பங்குக்கும் மேல் இழப்பாகப் போய்விடக்கூடும். அந்த மின்சாரத்தை இன்னொரு பேட்டரியில் ஏற்றுவது என்பது இழப்பின்மேல் இழப்பு. இதற்காகவே சொல்கிறேன், காருக்கு ஊற்றுவதற்கென்று வீட்டுப் பேட்டரி வாங்காதீர்கள். அது மாலைநேர வீட்டுச் செலவுக்கு உரியது.

சண்டையைத் தீர்க்க மூன்று வழிகள். எளிமையானது கம்பியிலேயே தீர்ப்பது. கார் சர்க்யூட்டை இன்வெர்ட்டரின் சிடிக்கும் மீட்டருக்கும் நடுவே பிரித்து எடுங்கள். கார் சார்ஜரின் சொந்த சிடியை மட்டும் மீட்டரை ஒட்டி வையுங்கள். இப்போது இன்வெர்ட்டரின் கண்ணுக்குக் கார் தெரியாது, எனவே காருக்காகப் பேட்டரி ஒருபோதும் இறங்காது. பேட்டரி நிறைந்து வெளியே வழிவதைக் கார் பிடித்துக்கொள்ளும். இதில் ஒரு குறை, பேட்டரிக்குத்தான் எப்போதும் முதல் உரிமை. இன்னொரு குறை, இன்வெர்ட்டரில் எக்ஸ்போர்ட் வரம்பு வைத்திருந்தால், வழிவதைக் கார் குடித்துக்கொண்டிருந்தாலும் அது வெளியே போகிறது என்றே இன்வெர்ட்டர் நினைத்து உற்பத்தியை அடக்கிவிடும்.

இரண்டாவது வழி, இன்வெர்ட்டரும் சார்ஜரும் ஒன்றோடொன்று பேசுவது. ஒரே கம்பெனிப் பொருள் என்றால் பெரும்பாலும் ஆப்பிலேயே ‘கார் முதலில்’, ‘பேட்டரி முதலில்’ என்று தேர்வு இருக்கும். வேறுவேறு கம்பெனி என்றால் நடுவே ஒரு சின்னக் கட்டுப்பாட்டுக் கருவி, அது மாட்பஸிலோ ஓசிபிபி (கார் சார்ஜர்களோடு பேசும் பொது முறை) வழியாகவோ இரண்டையும் படித்து முடிவெடுக்கும். பேட்டரிக்குள் போகும் வாட்டையும் ‘மிச்சம்’ என்று கணக்கில் சேர்க்கத் தெரிந்தால்தான் காருக்கு முதலிடம் கொடுக்கமுடியும். வாங்கும்போது கேட்கவேண்டிய கேள்வி இது. ‘சோலார் சார்ஜிங் உண்டா’ என்று கேட்டால் எல்லாரும் உண்டு என்றுதான் சொல்வார்கள்.

மூன்றாவது, செலவே இல்லாதது: நேரத்தால் பிரிப்பது. இரவில் கார் ஏறும் மணிநேரங்களில் பேட்டரி இறங்கக்கூடாது என்று இன்வெர்ட்டரின் நேர அட்டவணையில் போட்டுவிடுங்கள். பகலில் பதினோரு மணி முதல் இரண்டு வரை பேட்டரி ஏறும் வேகத்துக்கு வரம்பு வைத்தால், மீதி காருக்குப் போகும். கரடுமுரடான வழிதான், ஆனால் பல வீடுகளுக்கு இதுவே போதும்.

ஹைபிரிட் இன்வெர்ட்டர் (பேனலுக்கும் பேட்டரிக்கும் சேர்த்து ஒரே பெட்டி) வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பேனலில் இருந்து வருவதும் பேட்டரியில் இருந்து வருவதும் ஒரே ஏசி வாசல் வழியாகத்தான் வெளியே வரவேண்டும். 5 கிலோவாட் இன்வெர்ட்டர், நல்ல வெயில், பேட்டரியும் நிறைவு. கார் 32 ஆம்பில் 7,360 வாட், வீடு 600. மொத்தம் 7,960. இன்வெர்ட்டர் 5,000-க்கு மேல் தராது, 2,960 வாட் கிரிட்டில் இருந்து வரும். பேட்டரி நிறைந்திருந்தும் ஏன் கிரிட் ஓடுகிறது என்று குழம்பவேண்டாம். காரை 18 ஆம்புக்கு இறக்குங்கள், கணக்கு சரியாகிவிடும்.

த்ரீ ஃபேஸ் வீடுகளுக்கு

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இன்வெர்ட்டர் முதல் ஃபேஸில், கார் இரண்டாவது ஃபேஸில் என்றால், ஒன்றில் வெளியே போகும், இன்னொன்றில் உள்ளே வரும். உங்கள் மின்மீட்டர் மூன்று ஃபேஸையும் கூட்டிக் கழித்துக் கணக்கு வைக்கிறதா, தனித்தனியாக வைக்கிறதா என்பதே கேள்வி. கூட்டிக் கழித்தால் கவலை இல்லை, சார்ஜரையும் ‘மொத்தம்’ என்று வையுங்கள். தனித்தனி என்றால் சிங்கிள் ஃபேஸ் காரை இன்வெர்ட்டர் இருக்கும் ஃபேஸிலேயே போடச் சொல்லுங்கள். பிரேக்கர் கணக்கு மட்டும் எந்த முறையிலும் ஃபேஸ் ஃபேஸாகத்தான்.

வெளியே போவதற்கு வரம்பு

சில இடங்களில் இத்தனை கிலோவாட்டுக்கு மேல் கிரிட்டுக்குத் தள்ளக்கூடாது என்று விதி இருக்கும். அப்போது இன்வெர்ட்டர், பேனலின் வோல்டேஜை உச்ச உற்பத்திப் புள்ளியில் இருந்து நகர்த்தி வேண்டுமென்றே குறைவாக எடுக்கும். வீணான அந்த மின்சாரம் எந்த மீட்டரிலும் பதிவாகாது. ஆப்பின் வரைபடத்தில் நடுப்பகல் மலை, உச்சி வெட்டப்பட்டதுபோல் தட்டையாக இருந்தால் அதுதான். பேனல் அளவு இன்வெர்ட்டர் அளவைவிட அதிகமாக இருந்தாலும் இதே தட்டை தெரியும், ஆனால் அது இன்வெர்ட்டரின் ஏசி அளவில் சரியாக நிற்கும்.

இங்கே ஒரு சிக்கல்: வரம்பு பூஜ்யம் என்றால் மெயினில் எப்போதும் எக்ஸ்போர்ட்டே தெரியாது, கார் சார்ஜருக்கு மிச்சம் இருப்பதே தெரியாது. கலப்பு முறையில் 6 ஆம்பில் ஓடவிட்டு, உற்பத்தி கூடவே ஏறுகிறதா என்று பாருங்கள். சில கட்டுப்பாட்டுக் கருவிகள் இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ளும்.

வரம்பே இல்லாதபோதும் நடுப்பகலில் இன்வெர்ட்டர் தானே குறைந்தால், வோல்டேஜைப் பாருங்கள். தெருவில் பல வீடுகள் ஒரே நேரத்தில் தள்ளும்போது கம்பியில் வோல்டேஜ் ஏறும். 230 வோல்ட்டின் 10 சதவீத மேல் எல்லையான 253-ஐ நெருங்கினால் பல இன்வெர்ட்டர்கள் குறைத்துக்கொள்ளும் அல்லது துண்டித்துக்கொள்ளும். அந்த நேரத்தில் காரைப் போட்டால் வோல்டேஜ் இறங்கி, உற்பத்தியும் கூடும்.

கரண்ட் போனால்

சாதாரண சோலார் இன்வெர்ட்டர், கிரிட் போன மறுகணம் தானும் நின்றுவிடும், வெயில் எவ்வளவு அடித்தாலும். வெளியே கம்பியில் வேலை செய்கிறவர் உயிருக்காக உள்ள பாதுகாப்பு அது. பேட்டரியும் பேக்கப் வாசலும் (கரண்ட் போனாலும் மின்சாரம் தரும் தனி இணைப்பு) உள்ள இன்வெர்ட்டர் மட்டும் வீட்டைக் கிரிட்டில் இருந்து துண்டித்துவிட்டுத் தனியாக ஓட்டும்.

அந்தப் பேக்கப் வாசலில் கார் சர்க்யூட்டைச் சேர்க்காதீர்கள். கரண்ட் போன இரவில் கார் 7 கிலோவாட் இழுத்தால் இன்வெர்ட்டர் ஓவர்லோடு ஆகி விளக்கும் சேர்ந்து போய்விடும். தாங்கினாலும் பேட்டரி ஒன்றிரண்டு மணியில் காலி. வேறு வழியே இல்லை, காரும் பேக்கப்பில் இருந்தாகவேண்டும் என்றால் கிரிட் இல்லாதபோது சார்ஜரைப் பூட்டிவைக்கும் ஏற்பாட்டை எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள்.

பேட்டரி இன்வெர்ட்டர் ஒன்று, பழைய சோலார் இன்வெர்ட்டர் ஒன்று என்று இரண்டு வைத்திருப்பவர்கள் பேக்கப் நேரத்தில் விளக்கோ ஃபேனோ லேசாக வேறுமாதிரி ஓடுவதைக் கவனிக்கலாம். பேட்டரி நிறைந்துவிட்டால் சோலாரைக் குறைக்கச் சொல்ல, பேட்டரி இன்வெர்ட்டர் ஃபிரீக்வன்சியைக் கொஞ்சம் உயர்த்தும். சோலார் இன்வெர்ட்டர் அதைப் பார்த்து இறங்கிக்கொள்ளும். பழுது இல்லை.

காரில் இருந்தே வீட்டுக்கு மின்சாரம் எடுக்கும் வசதியைப் பற்றியும் கேட்பீர்கள். அதற்கு வண்டி, சார்ஜர், இன்வெர்ட்டர் மூன்றும் அதை ஆதரிக்கவேண்டும், கிரிட்டுக்குத் திருப்பித் தருவதென்றால் மின் நிறுவனத்தின் அனுமதியும் வேண்டும். வண்டியின் பக்கவாட்டில் பிளக் வைத்து இரண்டு மூன்று கிலோவாட் தருவது வேறு விஷயம். அதில் நேராகச் சாமான்களைச் சொருகலாம், வீட்டு போர்டில் மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் சொருகக்கூடாது.